சம்பளமில்லாத கமிட்டி: ராக்கெட்டை நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்த்தவர்கள்

நெய்வேலியில் சங்கம் என்றால் கொடிக்கம்பம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். கேட் மீட்டிங், போனஸ், ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம் என்று அதற்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. இந்தக் குறிப்பு இன்னொரு வகைச் சங்கத்தைப் பற்றியது. இன்ஜினியர்கள் சந்தா கட்டிச் சேருகிற, மாதம் ஒரு தரம் சாயங்காலம் கூடிப் பேசுகிற தொழில்முறைச் சங்கம். நம் நாட்டில் இவற்றுக்கெல்லாம் மூத்தது என்று சொல்லத்தக்க இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ், 1920 செப்டம்பர் 13 அன்று பதிவானது நம்ம மதராஸில்தான். விமானத்துறைக்கென்று தனியாக ஏரோநாட்டிகல் சொசைட்டி ஆஃப் இந்தியா 1948இல் வந்தது. நேரு அதன் முதல் புரவலர். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வார்த்தை உண்டு: 'கௌரவ'. கௌரவச் செயலாளர், கௌரவப் பொருளாளர். அதாவது சம்பளம் கிடையாது.

அப்படிப்பட்ட ஒரு சங்கத்தின் உள்ளூர்க் கிளையில், தொழில்நுட்பக் குழுவுக்கு நான்கு வருஷம் கன்வீனராக இருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்துப் பழகியவனுக்கு அது விசித்திரமான பதவி. சுரங்கத்தில் ஒரு பக்கெட் வீல் நின்றுபோனால் யார் யாரைக் கூப்பிடணும், யார் யாருக்கு மெமோ கொடுக்கலாம் என்பதெல்லாம் எழுதிவைத்த விஷயம். குழுவில் ஒருத்தருக்கும் மெமோ கொடுக்க முடியாது. "சார், இந்த மாசம் பொண்ணுக்குப் பரீட்சை, என்னை விட்டுடுங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வருகிறவரிடம் கறாராகப் பேசவும் மனசு வராது.

உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படி நடத்தினார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததுதான் அமெரிக்க ராக்கெட் சொசைட்டியின் 'பரிசோதனைக் கமிட்டி'. "லிக்னைட்டுக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நடுவில் பாய்லர் வரும், பொறுங்கள்.

1930 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கில் பன்னிரண்டு பேர் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பதினொரு ஆண்கள், ஒரு பெண். பெயர் 'அமெரிக்கன் இன்டர்பிளானட்டரி சொசைட்டி', கிரகங்களுக்கிடையே பயணம் செய்வதற்கான சங்கம். பெரும்பாலோர் இன்ஜினியர்களே இல்லை, அறிவியல் கதை எழுதுகிறவர்கள். முதல் தலைவர் டேவிட் லாசர் ஒரு அறிவியல் கதைப் பத்திரிகையின் ஆசிரியர். ஒரு சின்ன இடைச்செருகல்: இந்த லாசர் பிற்பாடு வேலையில்லாதவர்களைத் திரட்டி, 1935இல் 'ஒர்க்கர்ஸ் அலையன்ஸ்' என்ற அமைப்பை உருவாக்கித் தலைமை தாங்கினார். ராக்கெட் சங்கத்துக்கும் கொடிக்கம்பச் சங்கத்துக்கும் ஒரே மனுஷன் தலைவர். நெய்வேலிக்காரனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா?

அந்தப் பன்னிரண்டு பேரில் முக்கியமானவர் ஜி. எட்வர்ட் பென்ட்ரே. நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் பத்திரிகை நிருபர். அந்த ஒரே பெண் அவர் மனைவி லீ. 1931இல் இருவரும் ஐரோப்பா போனபோது பெர்லினில் ஜெர்மன் ராக்கெட் சங்கத்துக்காரர்களைப் பார்த்தார்கள். அங்கே பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் சேர்த்து எரிக்கிற சின்ன மோட்டாரைத் தாங்கியில் கட்டி ஓட்டிக் காட்டினார்கள். திரும்பி வந்த பென்ட்ரே சங்கத்தில் அறிக்கை வாசித்தார். அதுவரை சந்திரனுக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த கூட்டம், சரி, நாமும் ஒன்று செய்து பார்ப்போம் என்று இறங்கியது. பரிசோதனைக் கமிட்டி பிறந்த கதை இதுதான். அரசாங்க உதவி இல்லை, பல்கலைக்கழகம் இல்லை. செலவுக்குக் கைக்காசு, வேலை நேரம் மாலையும் ஞாயிற்றுக்கிழமையும். அதுவும் அமெரிக்காவில் பெருமந்தம் உச்சத்தில் இருந்த நேரம்.

முதல் ராக்கெட்டை பென்ட்ரேயும் பிராங்க்ளின் பியர்ஸ் என்பவரும் சேர்ந்து செய்தார்கள். 1932 நவம்பர் 12 அன்று நியூஜெர்சியில் ஸ்டாக்டன் பக்கம் ஒரு பண்ணையில் கட்டிவைத்து ஓட்டினார்கள். சுமார் 60 பவுண்டு உந்துவிசை, அரை நிமிஷத்துக்கும் குறைவு. அது பறக்கவே இல்லை, சேதமாகிவிட்டது. அதன் பாகங்களை வைத்து பெர்னார்ட் ஸ்மித் என்ற இளைஞர் இரண்டாவதைக் கட்டினார். 1933 மே 14, ஸ்டேட்டன் தீவின் கடற்கரை. இது கிளம்பியது. 250 அடி போனதும் ஆக்சிஜன் டேங்க் வெடித்தது. இரண்டு செகண்டு காட்சி. நம்ம ஊர் திருவிழா வாணம் இதைவிட உயரம் போகும் என்று சிரிக்கலாம். ஆனால் அவர்கள் அதை மறைக்கவில்லை. என்ன செய்தோம், எங்கே கிழிந்தது என்று தங்கள் பத்திரிகையில் எழுதிவைத்தார்கள். 1932 முதல் அதன் பெயர் 'ஆஸ்ட்ரோநாட்டிக்ஸ்'. இந்தப் பத்திரிகை இல்லையென்றால் இன்றைக்கு நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

1934 ஏப்ரலில் சங்கம் பெயரையே மாற்றிக்கொண்டது, 'அமெரிக்கன் ராக்கெட் சொசைட்டி' என்று. கிரகப் பயணம் என்றால் ஆட்கள் கிண்டல் செய்கிறார்கள், இன்ஜினியர்கள் சேரத் தயங்குகிறார்கள். ராக்கெட் என்றால் கொஞ்சம் மரியாதை. அதே வருஷம் செப்டம்பர் 9 அன்று ஜான் ஷெஸ்டா வடிவமைத்த நான்காவது ராக்கெட் சுமார் 400 அடி ஏறிக் கடலில் விழுந்தது. பத்திரிகைகளில் படம் வந்தது. சங்கத்துக்குப் பேர் கிடைத்தது.

எனக்கு இந்த மொத்தக் கதையிலும் முக்கியமான இடம் இதற்கு அப்புறம் வருவது. அடுத்து எல்லோரும் எதிர்பார்ப்பது ஐந்தாவது ராக்கெட், இன்னும் உயரம், இன்னும் கூட்டம். கமிட்டி பறக்கவிடுவதையே நிறுத்திவிட்டது. ஒரு ராக்கெட்டை மாதக்கணக்கில் கட்டி, இரண்டு செகண்டில் வெடிக்கவிட்டு, ஏன் வெடித்தது என்று தெரியாமல் துண்டு பொறுக்குவதில் என்ன பிரயோஜனம்? மோட்டாரைத் தரையில் இரும்புத் தாங்கியில் கட்டிவைத்து ஓட்டுவோம், அழுத்தம் எவ்வளவு, உந்துவிசை எவ்வளவு, எத்தனை செகண்டு என்று அளப்போம் என்று முடிவு செய்தார்கள். 1935இல் நியூயார்க் பக்கம் க்ரெஸ்ட்வுட் என்ற இடத்தில் டெஸ்ட் ஸ்டாண்டு வந்தது. கேஜ்களையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு ஆட்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். பத்திரிகைக்காரனுக்கு இதில் படம் கிடையாது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். ஒரு தன்னார்வக் குழு இப்படி ஒரு முடிவு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூட்டம்தானே அவர்களுக்கு இருந்த ஒரே வருமானம்!

அளக்க ஆரம்பித்ததும் உண்மையான எதிரி யார் என்று தெரிந்துபோனது: சூடு. மோட்டார்கள் சில செகண்டுகளிலேயே உருகின, நாசில் ஓட்டையானது. திரவ ஆக்சிஜனில் எரிகிற தீ, உலோகம் உருகும் சூட்டைத் தாண்டிவிடும். சுற்றிலும் தண்ணீர்ச் சட்டை போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் கொதித்து ஆவியானதும் அந்தப் பாதுகாப்பு போயிற்று. கனமான உலோகம், சூடு தாங்கும் பூச்சு என்று ஒவ்வொன்றாக முயற்சி நடந்தது.

இங்கேதான் பாய்லர் வருகிறது. அனல்மின் நிலையத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும். லிக்னைட் எரிகிற ஃபர்னஸுக்குள் வெப்பம் 1,000 டிகிரிக்கு மேல். சுற்றிச் சுவராக நிற்பதோ சாதாரண ஸ்டீல் குழாய். அது ஏன் இளகிச் சாயவில்லை? உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. குழாய் வாங்கிய சூட்டை அது உடனே தூக்கிக்கொண்டு போகிறது. போன சூடு வீணாகவில்லை, அதுதான் நீராவியாகி டர்பைனைச் சுற்றுகிறது. ஓட்டம் ஒரு நிமிஷம் தடைப்பட்டால் குழாய் வெடிக்கும்.

ஜேம்ஸ் வைல்ட் என்ற பிரின்ஸ்டன் பட்டதாரி இளைஞர் கமிட்டிக்குள் வந்தார். அவர் போட்ட மோட்டார் ஏறக்குறைய இதே தத்துவம். எரிக்கப்போகிற ஆல்கஹாலையே முதலில் மோட்டாரின் இரட்டைச் சுவருக்கு நடுவே ஓடவிட்டு, அப்புறம் உள்ளே செலுத்துவது. சுவர் குளிர்கிறது, எரிபொருள் சூடாகி உள்ளே போகிறது. தனியாகத் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை. இந்த யோசனை அவருக்கு மட்டும்தான் தோன்றியது என்று சொல்ல முடியாது, ஐரோப்பாவிலும் இதே வழியில் முயற்சிகள் நடந்தன. ஆனால் 1938 டிசம்பர் 10 அன்று நியூ ரோஷெல் என்ற இடத்தில் கமிட்டியின் தாங்கியில் ஓடியபோது வைல்டின் மோட்டார் 90 பவுண்டுக்கு மேல் உந்துவிசை கொடுத்தது. பதிமூன்று செகண்டுக்கு மேல் ஓடி, அணைந்து, உருகாமல் நின்றது. கையில் தூக்கிப் பார்க்கக்கூடிய அந்தச் சின்னச் சாமான் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விமான விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

தாங்கி இல்லாமல் இது நடந்திருக்காது. வைல்ட் ஒரு தனி ஆள். அவருக்கு முன்னால் யார் யாருடைய மோட்டார் எங்கே எரிந்துபோனது என்ற கணக்கு பத்திரிகையில் அச்சாகி இருந்தது. அளக்கும் கருவி தயாராக நின்றது. வாரக்கடைசியில் வந்து வால்வு திறக்க ஆள் இருந்தது. ஒரு கமிட்டி ஒரு திறமைசாலிக்குக் கொடுக்கக்கூடியது இந்த மூன்றும்தான் என்பது என் அபிப்பிராயம்.

1941இல் கதை மாறுகிறது. அமெரிக்கக் கடற்படைக்கு ராக்கெட் மோட்டார் மேல் ஆர்வம் வந்தது. ஆனால் ஆர்டர் கொடுக்க ஒரு கம்பெனி வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக் குழுவிடம் ஒப்பந்தம் போட மாட்டார்கள். ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த லவல் லாரன்ஸ், ஷெஸ்டா, பியர்ஸ், வைல்ட் ஆகிய நான்கு கமிட்டி ஆட்கள் சேர்ந்து அந்த டிசம்பரில் 'ரியாக்ஷன் மோட்டார்ஸ்' என்று கம்பெனி ஆரம்பித்தார்கள். பெர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து சில நாள்தான் ஆகியிருந்தது. 1947 அக்டோபர் 14 அன்று சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டிய பெல் எக்ஸ்-1 விமானத்தில் இருந்தது இவர்கள் கம்பெனி செய்த எக்ஸ்.எல்.ஆர்.11 இன்ஜின். நான்கு அறைகள், ஒவ்வொன்றும் 1,500 பவுண்டு. குளிரூட்டிய விதம் வைல்டின் வழி.

பரிசோதனைக் கமிட்டி அத்தோடு முடிந்த மாதிரிதான். நல்ல ஆட்கள் நான்கு பேர் போய்விட்டால் என்ன மிஞ்சும்? போரும் வந்துவிட்டது. ஒன்பது, பத்து வருஷ வாழ்க்கை. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கமிட்டி, பெயரே 'டெக்னிகல் கமிட்டி'. 1933இல் லிவர்பூலில் பிலிப் கிளீட்டர் ஆரம்பித்த பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி, பிறகு லண்டனுக்கு மாறியதும் இது உருவானது. அவர்களுக்குப் பெரிய முட்டுக்கட்டை 1875ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டம். திரவ எரிபொருள் ராக்கெட்டைத் தனியார் கொளுத்திப் பார்க்க அதில் இடமில்லை. வெடிமருந்து விஷயத்தில் சட்டம் எப்படி இருக்கும் என்று நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இங்கே லிக்னைட்டுக்கு மேலே கிடக்கிற கடலூர் மணற்கல் பக்கெட் வீலின் பற்களையே தேய்த்துவிடும் என்பதால், பல இடங்களில் முதலில் வெடி வைத்துத் தளர்த்திய பிறகுதான் வெட்டுகிறோம். அந்த வெடிமருந்து ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு. நம்முடையது 1884ஆம் வருஷத்துச் சட்டம்.

கொளுத்த முடியாதா, சரி, கணக்குப் போடுவோம் என்றார்கள் லண்டன்காரர்கள். மூன்று பேர் சந்திரனுக்குப் போய் இறங்கித் திரும்புகிற கலத்துக்கு ஒரு முழு வடிவமைப்பு. ஹாரி ராஸ், ஆர்.ஏ. ஸ்மித், வேதியியல் தெரிந்த ஆர்தர் ஜான்சர், இன்னும் சிலர். கூட்டம் நடந்த இடங்களில் ஒன்று கிரேஸ் இன் ரோட்டில் 88ஆம் எண் வீட்டு மாடி, இளம் ஆர்தர் சி. கிளார்க் குடியிருந்த இடம். பகலில் அவர் அரசாங்கத் தணிக்கைத் துறையில் குமாஸ்தா. 1939 ஜனவரியில் அந்தத் திட்டம் அவர்கள் பத்திரிகையில் வெளிவந்தது. திட எரிபொருள் குழாய்களை ஆயிரக்கணக்கில் அடுக்குகிற அந்த ராக்கெட் வேலைக்கு ஆகாது என்பது இன்றைக்குத் தெரிகிறது. ஆனால் சட்டம் தடுக்காத ஒரு கருவியை அவர்கள் நிஜமாகவே செய்தார்கள். சுழன்றுகொண்டே போகிற கலத்திலிருந்து நட்சத்திரங்களை நிலையாகப் பார்க்க உதவும் கண்ணாடிகள் கொண்ட சீலோஸ்டாட். கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து அங்கேயே வாழ்நாளைக் கழித்தது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அவர் நண்பரும் சங்கத்துக்காரருமான வால் கிளீவர், பிற்பாடு ரோல்ஸ் ராய்ஸில் ராக்கெட் இன்ஜின் பிரிவுக்குத் தலைமை வகித்தார். இங்கேயும் குமாஸ்தாவும் கைவினைக்காரரும் சாயங்காலத்தில் போட்ட விதைதான்.

அமெரிக்கச் சங்கம் போருக்குப் பிறகு பெருத்து, 1963இல் விமானத்துறைச் சங்கமான இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஏரோஸ்பேஸ் சயின்சஸுடன் இணைந்து ஏ.ஐ.ஏ.ஏ. ஆனது. இன்று அதில் டஜன் கணக்கில் தொழில்நுட்பக் கமிட்டிகள். திரவ உந்துவிசைக்கு ஒன்று, கட்டமைப்புக்கு ஒன்று என்று. மாநாட்டுக்கு வருகிற கட்டுரைச் சுருக்கங்களைப் படித்து எடுப்பது, தள்ளுவது, அமர்வு நடத்துவது, விருதுக்குப் பெயர் சொல்வது, வருஷக் கடைசியில் அந்தத் துறையில் என்ன நடந்தது என்று சங்கத்தின் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதுவது. இவ்வளவும் இன்னும் சம்பளமில்லாத வேலைதான். வால்வு திறப்பது போய், படிப்பதும் எழுதுவதுமாக மாறியிருக்கிறது.

இதையெல்லாம் நான் தோண்டிக்கொண்டிருந்ததற்கு ஒரு அவசரக் காரணமும் உண்டு. எங்கள் கிளையில் தொழில்நுட்பக் குழுவைக் கலைத்து விழாக் குழுவோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. செப்டம்பர் 15 பொறியாளர் தின விழாவுக்கு அரங்கம் நிறையும், பொன்னாடை, நினைவுப் பரிசு, சாப்பாடு. எங்கள் மாதக் கூட்டத்துக்குப் பதினைந்து பேர் வந்தால் அதிகம். முன்பெல்லாம் சங்கத் தேர்வு எழுதி இன்ஜினியர் ஆக நினைத்த டிப்ளமோக்காரர்கள் ஆர்வமாக வருவார்கள். 2013 மே 31க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்தத் தேர்வின் அங்கீகாரம் சிக்கலானதும் அந்த வரத்தும் நின்றுவிட்டது.

நான் கொண்டுவந்த ஒரே விதி, பேச வருகிறவர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்கணும் என்பது. பவர்பாயின்ட் எடுத்துக்கொள்வதில்லை. என்ன செய்தோம், எது வேலை செய்யவில்லை, என்ன அளவு, அவ்வளவுதான். இதனாலேயே சிலர் வருவதை நிறுத்தினார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் வெளியூர் ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கன்வேயர் பெல்ட்டுக்கு ஒட்டுப்போடும்போது காற்றின் ஈரப்பதம் என்ன செய்யும் என்று எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தை, அவர் பேசி ஒன்றரை வருஷம் கழித்து ஒரு பையன் வந்து ஜெராக்ஸ் கேட்டான். "இதை அப்பவே யாரும் சொல்லித் தரலையே சார்" என்றான். அவன் அந்தக் கூட்டத்துக்கு வந்தவன் கிடையாது.

யோசனையை ஆதரித்த மூத்த நண்பர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். "நீங்க சொல்ற அமெரிக்காவுலயே நிஜமான வேலை செஞ்சது தனி ஆள்தானேங்க. கோடார்ட் ஒருத்தர் போதும். கமிட்டி எதுக்கு?"

நியாயமான கேள்வி. ராபர்ட் கோடார்ட் 1926 மார்ச் 16 அன்று, அந்தச் சங்கம் பிறப்பதற்கு நான்கு வருஷம் முன்பே, மாசசூசெட்ஸில் உலகத்தின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டார். 41 அடி, இரண்டரை செகண்டு. பிறகு குகன்ஹைம் குடும்பத்தின் பண உதவியோடு நியூமெக்சிகோ பாலைவனத்தில் ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு பல ஆயிரம் அடி வரை ஏற்றினார். கமிட்டிக்காரர்கள் எட்ட முடியாத உயரம். அவர்கள் தகவல் கேட்டு எழுதியபோது பெரிதாக எதுவும் தரவில்லை. கேலி செய்த பத்திரிகைகள் அவரை ஏற்கெனவே காயப்படுத்தியிருந்தன. வேலையைக் கையோடு வைத்துக்கொண்டார். அதனால் வைல்ட் போன்றவர்கள் பழைய பிரச்சினைகளையே முதலிலிருந்து தீர்க்க வேண்டியிருந்தது. கோடார்ட் 1945இல் இறந்தார். அவர் பெயரில் உள்ள 214 காப்புரிமைகளில் பெரும்பகுதி அவர் மறைவுக்குப் பிறகு மனைவி எஸ்தர் முயன்று பெற்றவை.

நண்பரிடம் இதைச் சொல்லிவிட்டு ஒரு தகவலும் சேர்த்தேன். கோடார்டின் நாட்குறிப்புகள், கடிதங்கள், சோதனைக் குறிப்புகள் மூன்று தொகுதிகளாக 1970இல் வெளிவந்தன. எஸ்தரோடு உட்கார்ந்து அவற்றைத் தொகுத்தவர், 1933இல் ஸ்டேட்டன் தீவில் 250 அடி ராக்கெட் விட்ட அந்தப் பழைய கமிட்டிக்காரர் பென்ட்ரே.

"அது சரி" என்றார் அவர். பொதுக்குழு வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.